முதியோருக்குப் பாதுகாப்பான வீடு

மனைப்பொருளியல் – க.பொ.த. (சாதாரண தரம்)

இப்பாடத்தைக் கற்ற பின் உங்களால்,
• முதுமையின் உடல் மாற்றங்களுக்கும் வீட்டு விபத்துகளுக்கும் உள்ள தொடர்பை விளக்க முடியும்.
• வீட்டில் செய்யத்தக்க மாற்றங்களைக் காரணத்துடன் எழுத முடியும்.
• விழுந்த முதியவருக்குச் சரியான முறையில் உதவ முடியும்.

1. அறிமுகம்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 12.4 சதவீதத்தினர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாக இருந்தனர். அதாவது அப்போது ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் முதியவராக இருந்தார். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கலாம். பெற்றோரைப் பராமரித்து அவர்களது தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் கூறுகின்றது.

முதியோர் வீட்டில் எதிர்நோக்கும் முக்கிய விபத்து விழுதல் ஆகும். "வயது போனால் விழுவது வழமை" என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பெரும்பாலான வேளைகளில் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறிந்தால் அதனை நீக்கவும் முடியும்.

2. உடல் மாற்றங்களும் இடர்களும்

• பார்வை குறைதல் – மங்கிய ஒளியில் படியின் விளிம்பு தெரிவதில்லை.
• தசைகள் நலிவடைதல் – தாழ்வான கதிரையிலிருந்து எழுவது கடினம்.
• என்புகளின் அடர்த்தி குறைதல் – சிறிய விழுகையிலும் இடுப்பு, மணிக்கட்டு என்பன முறியலாம்.
• படுக்கையிலிருந்து எழும்போது குருதியமுக்கம் குறைதல் – தலைச்சுற்று ஏற்படும். சில மருந்துகளாலும் இது நேரலாம்.

3. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை

ஒரு வீட்டின் பாதுகாப்பை அறிய இலகுவான வழி, முதியவர் இரவில் மலசலகூடத்துக்குச் செல்லும் பாதையில் நீங்களும் ஒருமுறை நடந்து பார்ப்பதாகும். எமது கிராமங்களில் மலசலகூடமும் கிணறும் வீட்டுக்கு வெளியே இருப்பது வழமை என்பதால் இப்பாதை நீளமானது.

கட்டில்: அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல் ஓரிரு நிமிடம் அமர்ந்திருக்கப் பழக்குங்கள். மின்சூளும் மூக்குக்கண்ணாடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விறாந்தை: மின்வயர், மடிந்த பாய், ஓரம் சுருண்ட கால்மிதி என்பவற்றை அகற்றுங்கள். மின் ஆளி வாசலருகே இருத்தல் நன்று.

படி: விளிம்பில் வெள்ளை நிறம் பூசுங்கள். பக்கத்தில் கைபிடி அமையுங்கள். சாய்தளம் அமைப்பதாயின் உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் தேவை. 15 சென்ரிமீற்றர் உயரப் படிக்கு 180 சென்ரிமீற்றர் நீளச் சாய்தளம் அமைக்க வேண்டும்.

கிணற்றடி: பாசியை அடிக்கடி தேய்த்து அகற்றுங்கள். நீரை நீங்களே அள்ளி வாளியில் நிரப்பி வையுங்கள்.

மலசலகூடம்: குந்தி எழ முடியாதவருக்குக் கொமட் உதவும். சுவரில் உறுதியான பிடிகம்பி பொருத்துங்கள். துவாய் கொழுவும் கம்பி உடற்பாரத்தைத் தாங்காது. கதவை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவரை அணுக இதுவே வழி.

தேய்ந்த இறப்பர் செருப்பும் காலில் தடக்கும் நீளமான சாரமும் சேலையும் விழுகைக்குக் காரணமாவதைக் கவனத்திற் கொள்க. சமையலறையில் அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்தால் வாங்கில் ஏறும் தேவை இராது.

4. முதியவரின் விருப்பம்

மாற்றங்களை அவரிடம் கேட்டே செய்யுங்கள். சொல்லாமல் கதிரையை இடம் மாற்றினால், பழக்கத்தில் நடப்பவர் அதிலேயே தடக்கி விழுவார். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், இருங்கள்" என்று ஓரிடத்தில் இருத்துவதும் பாதுகாப்பல்ல. நடமாட்டம் குறையக் குறையத் தசைகள் மேலும் நலிவடையும். பலர் விழுந்ததை வீட்டாருக்குச் சொல்வதில்லை. ஏசுவார்கள், வெளியே விடமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். ஏசாமல் கேட்டால் எங்கே, எவ்வாறு விழுந்தார் என்பதை அறியலாம்.

5. விழுந்தவருக்கு உதவுதல்

• உடனே தூக்க வேண்டாம். எங்கே நோகிறது எனக் கேளுங்கள்.
• இடுப்பு நோவு இருந்தால், அல்லது ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் அசைக்காது 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.
• தலையில் அடிபட்டிருந்தால், காயம் தெரியாவிடினும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

6. மாதிரி வினா

72 வயதுடைய பாட்டி ஒருவர் முழங்கால் நோவினால் அவதிப்படுகின்றார். மலசலகூடம் வீட்டுக்கு வெளியே உள்ளது. அவரது பாதுகாப்புக்காகச் செய்யத்தக்க மூன்று மாற்றங்களைக் காரணத்துடன் எழுதுக.

விடை எழுதும் முறை: "பிடிகம்பி பொருத்துதல்" என மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. "முழங்கால் நோவினால் எழும்போது சமநிலை குலையலாம், ஆகவே மலசலகூடச் சுவரில் பிடிகம்பி பொருத்துதல்" என இடரையும் மாற்றத்தையும் இணைத்து எழுதுக. "இரவில் வெளியே செல்ல விடாதிருத்தல்" என்பது பொருத்தமான விடையன்று.

செயற்பாடு: இன்றிரவு உங்கள் வீட்டு முதியவருடன் அப்பாதையில் நடந்து, கண்ட இடர்களைப் பட்டியற்படுத்துக. பணச் செலவின்றி நாளையே திருத்தக்கூடியவற்றை முதலில் குறிப்பிடுக.