வண்டு விழுந்த மா

வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அந்தத் தாய், போன வருடம் பத்துக் கிலோ கோதுமை மாவை வண்டு விழுந்துவிட்டதென்று கொட்டினார். கடையில் மாவுக்குத் தட்டுப்பாடில்லை. வீட்டிலும் இரண்டு வாளி நிறைய இருந்தது. ஆனாலும் சம்பள நாளில் இன்னொரு பொதி வாங்காமல் அவரால் திரும்ப முடியவில்லை.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022இல் பிடித்த பயம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியது ஏறக்குறைய இருநூறு. நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபாய்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்.

பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று வெறுந்தேத்தண்ணியோடு மலைக்குப் போனார். முதலில் அது பொய். சில வாரங்களில் உண்மையாகவே பசிக்கவில்லை. ஒரு வாய் வைத்தாலே தொண்டை அடைத்தது. வீட்டுக்காரருக்கு நேர்மாறு. கடன் கேட்டு ஆள் வந்துபோன இரவுகளில் சட்டியைச் சுரண்டும்வரை அவர் கை நிற்காது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. திடீர்ப் பயத்தில் சுரக்கும் அட்ரினலின், குடலுக்குப் போகும் இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பும், பசி அடங்கிவிடும். கவலை மாதக்கணக்கில் நீண்டால் கோர்ட்டிசோல் கூடி, பலருக்கு நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும். பட்டினியும் தன் பங்குக்கு மனத்தைக் குழப்பும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவை ஏறக்குறையப் பாதியாக்கிப் பார்த்தார். எந்நேரமும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகங்கள்கூடச் சேர்த்தார்கள். பழையபடி உணவு கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்ததாகவே தோன்றவில்லை.

கேஸ்ட்ரிக் என்று மருந்து கேட்கப் போன அந்தத் தாயிடம் டாக்டர் வயிற்றைப் பற்றி விசாரித்ததைவிடத் தூக்கத்தைப் பற்றி விசாரித்ததுதான் அதிகம். அதன்பின் அவர் சில பழக்கங்களை மாற்றினார்.

பசி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் பாதி ரொட்டியாவது சம்பலோடு உள்ளே போகவேண்டும். தேத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான். சாயத்திலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கடன், விலைவாசிப் பேச்சுக்குச் சாப்பிடும் நேரத்தில் இடமில்லை. இரவில் சட்டிப்பக்கம் போகும் வீட்டுக்காரரிடம், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்பார். மத்தியானமே என்றால், போட்டுக் கொடுப்பார். இப்போதுதான் என்றால், இருவரும் வாசலில் கொஞ்சநேரம் உட்காருவார்கள்.

காரணமின்றி மெலிவது, மறைந்து மறைந்து சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது என்றெல்லாம் போனால் வீட்டு வைத்தியம் போதாது; டாக்டரிடம் போகவேண்டும். இலங்கையில் மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

இப்போது வீட்டில் மாவுக்கு ஒரு வாளிதான். மற்றதில் கீரை விதைத்திருக்கிறார். விடாமல் மழை பெய்து வேலை நின்றுபோகும் நாட்களில் மட்டும், மா வாளியின் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.