தாடை எலும்பு ஒட்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்னும் அச்சம் நம் ஜனங்களை இன்னமும் விட்டபாடில்லை. மேல்தாடைப் பற்களின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் கபால நரம்பின் ஒரு கிளை. பார்வையைக் கொண்டு செல்வதோ இரண்டாம் கபால நரம்பு. இரண்டுக்கும் மார்க்கம் வேறு, காரியமும் வேறு. இந்த அச்சத்தால் மெய்யாக விளையும் தீங்கு தாடைக்குத்தான். சொத்தை விழுந்து, வேரடியில் சீழ் பிடித்து, இனிப் பிழைக்காது என்றாகிவிட்ட பல்லை, வலிக்கும்போது மாத்திரை போட்டுக்கொள்ளலாமென்று வருஷக்கணக்கில் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்தச் சீழும் அழற்சியும் சுற்றியுள்ள எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றன. கடைசியில் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது தாடையில் பதிக்கும் திருகாணியின்மேல் பொருத்தும் பல், வைத்துக்கொள்ளலாமென்று அவர்கள் வரும்போது, அதைத் தாங்குவதற்கு வேண்டிய எலும்பு அங்கே இருப்பதில்லை. ‘போன் கிராஃப்ட் (எலும்பு ஒட்டு) செய்ய வேண்டியிருக்கும்’ என்று வைத்தியர் சொன்னதும் பலருக்குத் திகில் பிடித்துக்கொள்கிறது. அந்தத் திகிலைச் சுற்றி வேறு சில தவறான அபிப்பிராயங்களும் வளர்ந்திருக்கின்றன.

‘பல் போனால் போகட்டும், எலும்பு எங்கே போகப்போகிறது?’ என்பது அவற்றில் முதலாவது. பல்லைத் தாங்கும் எலும்பு பல் இருக்கும் வரையில்தான் தன் உருவத்தோடு இருக்கிறது. பல்லை எடுத்த ஆறு மாதத்திற்குள் அந்த இடத்தின் அகலம் சராசரியாக 4 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஓராண்டில் பாதி அகலமே போய்விடுவதும் உண்டு. அந்தக் குறைவிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. முன்பற்களின் உதட்டுப் பக்கத்து எலும்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதாக இருப்பதால் அதுவே முதலில் கரைகிறது. கழற்றி மாட்டும் பல்செட் இந்தத் தேய்வைத் தடுப்பதில்லை. ஈறின்மேல் அது தரும் அழுத்தம் தேய்வை அதிகப்படுத்தவும் கூடும்.

இனி, எலும்பை வைத்து அடைத்தால் அந்தக் கணமே குறை நிவர்த்தியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களைப் பார்ப்போம். சிறு கண்ணாடிக் குப்பியிலிருந்து வைத்தியர் கொட்டுவது, கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள வெண்மையான துகள்கள்; அவற்றை உப்புநீரிலோ நோயாளியின் இரத்தத்திலோ நனைத்து, பல் இருந்த குழியில் மெல்ல இட்டு, மேலே மெல்லிய சவ்வொன்றை விரித்து, ஈறை இழுத்துத் தையல் போடுகிறார். அவை கொடிக்குக் கொழுகொம்பு போன்றவையே. அவற்றின் இடைவெளிகளுக்குள் நம் இரத்தக்குழாய்கள் புகுந்து, நம் உயிரணுக்கள் குடியேறி, நம் சரீரமே புதிய எலும்பை உண்டாக்க வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். மேல்கடைவாய்ப் பற்களுக்கு மேலேயுள்ள சைனஸ் அறையின் சவ்வை உயர்த்தி வைக்கும் ஒட்டுக்கு ஆறு முதல் ஒன்பது மாதமும் ஆகலாம். இம்ப்ளான்டுக்கும் இத்தகைய காத்திருப்பு உண்டு: ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் பிரனெமார்க் 1965-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகாணியைப் பதித்து, எலும்பும் உலோகமும் ஒன்றிக் கூடும் வரையில் மாதக்கணக்கில் காத்திருந்துதான் பல்லைப் பொருத்தினார். சொந்த எலும்பு ஓரளவு மீந்திருந்தால் ஒட்டையும் இம்ப்ளான்டையும் ஒரே நாளில் வைப்பதுண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது ஸ்கேன் காட்டும் எலும்பின் அளவேயன்றி நோயாளியின் அவசரமன்று.

‘அது மாட்டெலும்பாமே, பிணத்தின் எலும்பாமே’ என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வதை ஏளனம் செய்து ஒதுக்குவது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அதில் பாதி உண்மை. ஒட்டுக்கு நோயாளியின் மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, பெரிய அளவில் வேண்டுமானால் இடுப்பெலும்பிலிருந்தோ எடுப்பதுண்டு. இறந்தபின் தானமாகத் தரப்பட்ட மனித எலும்பைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதுண்டு. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருள் யாவற்றையும் நீக்கித் தாதுப்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதுண்டு. கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு செயற்கையாகச் செய்ததும் உண்டு. மேலே விரிக்கும் சவ்வும் பன்றி அல்லது மாட்டின் கொலாஜனால் ஆனதாக இருக்கலாம். எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டுமென்று பலருக்குத் தோன்றுவதேயில்லை. சைவ உணவில் உறுதியுள்ளவரும், மத விதிகளின்படி வாழ்பவரும், ‘இது எதிலிருந்து வந்தது, இதற்குப் பதில் வேறு வைக்கலாமா?’ என்று சிகிச்சைக்கு முன்பே கேட்பதற்குப் பூரண உரிமை பெற்றவர்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வது வைத்தியரின் கடமை. ஆனால் பிறர் சிறுநீரகத்தைப் போல் உடல் இதைத் தள்ளிவிடுமென்றும், ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டுமென்றும் அஞ்சுவதற்கு இடமில்லை. ஒட்டு தோற்பதெல்லாம் பெரும்பாலும் கிருமித் தொற்றினாலும், தையல் பிரிவதாலும், புண் ஆறுவதற்குள் அந்த இடம் அசைக்கப்படுவதாலுமே. முதல் சில நாட்களில் இரண்டொரு துகள்கள் நாக்கில் தட்டுப்பட்டால் கலங்க வேண்டியதில்லை.

இம்ப்ளான்ட் என்றாலே ஒட்டும் உண்டு என்பதும் பிழை; எலும்பு போதுமானால் ஒட்டு வேண்டாம், பக்கத்துப் பற்களைப் பற்றி நிற்கும் பாலம் கட்டிக்கொள்பவருக்கும் பெரும்பாலும் வேண்டாம். வயது முதிர்ந்தவருக்கு ஆகாது என்பதும் அப்படித்தான். சிறுவர்க்கும் ஒட்டு உண்டு: மேலன்னப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு, கோரைப்பல் முளைக்குமுன், ஏறக்குறைய ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஈறுப் பிளவை நிரப்புவது நெடுநாளாக நடந்துவரும் சிகிச்சை.

வலியைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகையே. பொதுவாக மரத்துப்போகும் ஊசியிலேயே சிகிச்சை முடிந்துவிடுகிறது, வீக்கம் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து பின் வடிகிறது. ஆபத்தே இல்லை என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். மோவாயிலிருந்து எலும்பை எடுத்தால் கீழ்முன்பற்களும் மோவாயும் சில காலம், சிலருக்கு நெடுங்காலம், மரத்திருக்கலாம். சைனஸ் சவ்வு கிழிவதும் உண்டு. புகைப்பவருக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் ஒட்டு தோற்கும் அபாயம் அதிகம். ஆதலால் சிகிச்சைக்குத் தேதி குறிக்குமுன் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா ஆபத்துகளிலும் மறைவாக நிற்பது எலும்புத் தேய்வு நோய்க்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) போடும் ஊசி. ஜோலெட்ரானிக் அமிலம் ஆண்டுக்கொருமுறையும், டெனோசுமாப் ஆறு மாதத்துக்கொருமுறையும் போடப்படுவதால், ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று பல் வைத்தியர் கேட்கும்போது, ‘ஒன்றுமில்லை’ என்று மனமறிய உண்மையே சொல்லிவிட்டு அந்த ஊசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இன்னும் அதிக அளவில், அடிக்கடி தரப்படுகின்றன. இவற்றைப் பெறுவோரில் சிலருக்குத் தாடையில் கத்தி பட்ட இடம் ஆறாமல் எலும்பு மடிந்துபோவது 2003-ஆம் ஆண்டு முதல் வைத்திய உலகம் அறிந்த விஷயம். ஊசி போட்ட சீட்டைப் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆனால் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் டெனோசுமாபை இடையில் விட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவதுண்டு. நிறுத்துவதா, தள்ளிப் போடுவதானால் எத்தனை நாள் என்பதை அந்த ஊசியை எழுதித்தந்த வைத்தியரும் பல் வைத்தியரும் கலந்து பேசி முடிவு செய்தபிறகே நாற்காலியில் உட்கார வேண்டும்.