இளைக்கும் கன்றும் கோபால்ட் சத்தும்

தீவனத்துக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. ஆனாலும் பால்குடி மறந்த கன்று நாளுக்கு நாள் இளைக்கிறது. உரோமம் சிலிர்த்து, கண் இமையின் உட்புறம் வெளுத்து, பசும்புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இதற்குப் பெரும்பாலும் குடற்புழுக்களே காரணம். எனவே முதலில் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகும் தேறாவிட்டால் தாது உப்புக் குறைவைப் பற்றி யோசிக்கலாம். அவற்றுள் ஒன்று கோபால்ட்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்று ஓர் ஊர் உண்டு (அதே பெயருள்ள ஐரோப்பிய நாடு வேறு). அங்கே நல்ல மேய்ச்சல் நிலத்திலேயே மாடுகள் எலும்பும் தோலுமாகி மடிந்தன. இரத்தம் வெளுத்திருந்ததால் இரும்புச் சத்துக் குறைவு என்று எண்ணி, இரும்புத் தாதுப் பொடியைக் கொடுத்தார்கள். குணம் தெரிந்தது. ஆனால் எல்லா இரும்பும் ஒன்றுபோல் வேலை செய்யவில்லை. அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தாதுவிலிருந்து இரும்பை அறவே நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கால்நடைகள் தேறின! உண்மையான மருந்து அதில் மிகச் சிறிதளவே கலந்திருந்த கோபால்ட் என்பது 1935-ல் தெரிந்தது. அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டன், லைன்ஸ் ஆகியோரும் செம்மறி ஆடுகளில் இதையே கண்டார்கள்.

இத்தகைய நிலங்களில் ஆடு மாடுகள் நலிந்தபோதும் குதிரைகள் கொழுகொழுவென்று இருந்தன. காரணம், குதிரை அசை போடும் பிராணி அல்ல. ஆடு மாடுகளின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி போன்றது. அதில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் புல்லையும் வைக்கோலையும் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் புரோபியானிக் அமிலம் என்பதிலிருந்துதான் கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறது. இந்த வேலைக்கு பி-12 என்ற வைட்டமின் தேவை. பி-12-ஐத் தயாரிப்பவையும் அதே பாக்டீரியாக்கள்தாம். தயாரிக்கக் கோபால்ட் வேண்டும். கோபால்ட் இல்லையேல் பி-12 இல்லை. அமிலம் செலவாகாமல் இரத்தத்தில் தேங்குகிறது, பசி அற்றுப்போகிறது.

இதனால்தான் கோபால்ட்டை ஊசி மூலம் ஏற்றினால் பயன் இல்லை. பாக்டீரியா இருக்கும் இடம் வயிறு. சத்து அங்கே போய்ச் சேர வேண்டும். பி-12 ஊசி பலன் தரும், ஆனால் அது தீர்ந்ததும் பழைய கதைதான். உடம்பில் சேர்ந்த கோபால்ட் போதிய அளவு வயிற்றுக்குத் திரும்புவதில்லை. ஆகவே தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வேண்டும். இதற்காக ஆஸ்திரேலியாவில் கோபால்ட் குண்டு ஒன்றைச் செய்தார்கள். விழுங்கிய குண்டு வயிற்றிலேயே தங்கி மெல்லக் கரையும்.

தேவையோ மிக அற்பம். ஒரு கிலோ காய்ந்த தீவனத்துக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்று அதிகம். பத்து கிலோ தின்னும் பசுவுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். இதை வீட்டில் யாரும் நிறுத்துப் போட முடியாது. போடவும் கூடாது, மிஞ்சினால் நஞ்சு. கோபால்ட் சேர்ந்த தாது உப்புக் கலவையை வாங்குவதே சரி. கறவை மாட்டுக்குப் பொதுவாகத் தினம் 30 முதல் 50 கிராம் வரை தவிட்டிலோ புண்ணாக்கிலோ கலந்து வைக்கலாம். கன்றுக்கு அளவு குறைவு; பையில் அச்சிட்டுள்ளபடி கொடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஒரு கை சாப்பாட்டு உப்பைப் போட்டுவிட்டுத் தாது உப்பு கொடுத்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கோபால்ட் கிடையாது.

வாங்கும்போது பையின் மேல் கோபால்ட் என்று குறித்திருக்கிறதா என்று பார்க்கவும். மாட்டுக்கென்று செய்த கலவையைச் செம்மறி ஆட்டுக்கு வைக்க வேண்டாம். அதிலுள்ள தாமிரத்தை மாடு தாங்கும். செம்மறியின் கல்லீரலில் அது சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும்.