0, 1, மௌனம்!



"ஃபிளிப்-ஃபிளாப்பா? 0 அல்லது 1-ஐ ஞாபகம் வைக்கும், அவ்வளவுதானே!" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், புராஜெக்ட் போர்டில் விரலைச் சுட்டுக்கொள்ளும் வரை.

நான் எடுத்துக்கொண்ட சிப் 74எல்விசி574ஏ. கால்கள் 20, உள்ளே எட்டு டி-ஃபிளிப்-ஃபிளாப்கள். சப்ளை 3.3 வோல்ட். சுவிட்சிங்கில் செலவாகும் மின்திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே வேகத்தில் 5 வோல்ட்டில் 100 பங்கு செலவானால், 3.3 வோல்ட்டில் சுமார் 44 பங்குதான் செலவாகும்.

2 முதல் 9 வரையுள்ள கால்கள் உள்ளீடு. எதிர்வரிசையில் 12 முதல் 19 வரை வெளியீடு. 11-ஆவது காலில் கிளாக் 0-விலிருந்து 1-க்கு ஏறும் கணத்தில், உள்ளீட்டில் இருப்பது பதிவாகிவிடும்.

சூட்சுமம் 1-ஆவது காலில் இருக்கிறது. பெயர், அவுட்புட் எனேபிள். அது 0 ஆனால், பதிவானது வெளியே வரும். அது 1 ஆனால், எட்டு வெளியீடுகளும் 0-வும் சொல்லாது, 1-உம் சொல்லாது. கம்பியை விட்டே விலகி நிற்கும். இதுதான் மூன்றாவது நிலை, ஹை இம்பீடன்ஸ்.

நான் செய்த தவறு இதுதான். இரண்டு சிப்களின் வெளியீடுகளை ஒரே எட்டுக் கம்பிகளில் சேர்த்தேன். 'வேலை செய்தால் சரி' என்று இரண்டின் 1-ஆவது காலையும் கிரவுண்டில் கொடுத்துவிட்டேன். சப்ளை போட்டதும் ரீடிங் கன்னாபின்னாவென்று வந்தது. "டேய், தொட்டுப் பாரு, சிப்பு கொதிக்குது!" என்றான் நண்பன். லேப் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "ஒரே மைக்குல ரெண்டு பேர் பேசினா யாருக்குப்பா புரியும்?"

உண்மைதான். ஒரு சிப் கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கிறது, மற்றது கிரவுண்டுக்கு இழுக்கிறது. சண்டையில் கரண்ட் பாய்ந்து இரண்டும் சூடாகின்றன. கம்பியில் வோல்ட்டேஜ் நடுவில் நின்றுவிடுகிறது. இந்த வகை சிப்பின் உள்ளீடு 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால்தான் 1. நடுவில் நின்றால் எதுவும் நிச்சயமில்லை.

எனவே நண்பர்களே, நினைவில் வையுங்கள்:

1. ஒரு சிப்பை முதலில் மௌனமாக்குங்கள். அதன் பிறகே அடுத்ததைப் பேச விடுங்கள். சிப்கள் பல என்றால் 74எல்விசி138ஏ டிகோடர் கைகொடுக்கும். அதன் வெளியீடுகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் 0 ஆகும்.

2. 1-ஆவது காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக சப்ளையோடு இணையுங்கள். ஸ்விட்ச் போடும்போது யாரும் முந்திக்கொண்டு பேசமாட்டார்கள்.

3. இந்த சிப்பில் ரீசெட் கால் கிடையாது. சப்ளை வந்தவுடன் உள்ளே இருப்பது 0-வா 1-ஆ என்று சொல்ல முடியாது. முதலில் தரவு, அடுத்து கிளாக், கடைசியாக எனேபிள்.

4. வெளியீடு மௌனமாக இருந்தாலும் உள்ளே வேலை நிற்காது. கிளாக் வந்தால் புதுத் தரவு பதிவாகும்; பழையது போய்விடும். "அவுட்புட்டை அணைச்சிட்டோமே, டேட்டா பத்திரமா இருக்கும்" என்று ஏமாந்துவிடாதீர்கள்!

பேசத் தெரிவது மட்டும் போதாது, தன் முறை வரும்வரை வாய்மூடி இருக்கவும் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சின்ன சிப். விரலில் பட்ட சூடுதான் அதற்கு நான் கட்டிய ஃபீஸ்!