கைக்குள் காலதர்

நுழையும்முன்

வெயிலையும் குளிரையும் தாங்க மனிதன் வீடு கட்டினான். வீட்டிற்குள் தனக்கேற்ற பருவத்தை அமைத்துக்கொள்ளக் கருவிகளைக் கண்டான். இன்று அக்கருவிகள் இணையத்தோடு இணைந்து, கடல்கடந்தும் ஏவல் கேட்கின்றன. ஏவும் ஆற்றலோடு சேர்த்து நாம் ஏற்கவேண்டிய பொறுப்பு எது என்பதை இப்பாடம் எண்ணிப் பார்க்கிறது.

காற்றின் வழி

பழந்தமிழர் சாளரத்தைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். வீட்டின் வெப்பத்தைச் சீராக்கும் கருவியாக அக்காலத்தில் அமைந்தது அதுவே. வெப்பம் மிகுந்தால் திறந்தனர். வாடை வீசினால் அடைத்தனர். கூதிர்க்காலத்தில் விசிறிகள் பயனின்றித் தொங்குவதையும், மக்கள் குளிர்ந்த நீரை விரும்பாமல் அகன்ற வாயையுடைய கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்வதையும் நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டியுள்ளார். பருவத்தை அறிவதும் அதற்கேற்பச் செயல்படுவதும் அன்று வீட்டில் இருப்பவரின் வேலையாக இருந்தன.

சென்னையின் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பாலவாக்கம், 2011ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட கடற்கரையூர். கோடையில் முற்பகல் முழுவதும் தகிக்கும் இவ்வூரைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று ஆற்றும். கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்றும் மேற்குக் காற்றுக்குக் கோடை என்றும் பெயர். மேற்குக் காற்று வலுத்த நாளில் கடற்காற்று தாமதமாகவே கரையேறும். அந்நாள்களில் வீடுகளின் சன்னல்கள் மூடப்படுகின்றன. குளிர்சாதனங்கள் இயங்கத் தொடங்குகின்றன. கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கும், நம் ஊரில் வீட்டைக் குளிர்விப்பதற்கும் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுக் கொள்கை ஒன்றே. அதனைச் செயல்படுத்தும் கருவியே தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைப்பி.

வகுப்பறை தந்த தூண்டுதல்

வெப்பத்தைத் தானே சீராக்கும் கருவிகளின் வரலாறு நீண்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோர்னீலிஸ் டிரெபெல் என்னும் டச்சு அறிஞர், கோழிமுட்டைகளைப் பொரிக்கவைக்கும் அடுப்பில் வெப்பம் தானே சீராகும் வகையில் ஓர் அமைப்பை உருவாக்கினார். ஆனால், மின்சாரத்தால் இயங்கும் கருவிக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு வகுப்பறை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வாரன் ஜான்சன் என்பவர் கற்பித்துவந்தார். பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, அடித்தளத்திலுள்ள உலையைச் சரிசெய்யச் செல்வது வழக்கம். அதனால் பாடம் தடைப்பட்டது. வகுப்பறையின் வெப்பநிலை மாறியதும் பணியாளருக்கு மின்வழியே அறிவிக்கும் கருவி ஒன்றை ஜான்சன் அமைத்தார். 1883ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். தொலைவிலிருந்தே அறையின் நிலையை அறியலாம் என்னும் இன்றைய வசதிக்கு அது ஒரு முன்னோடி.

கருவி இயங்கும் முறை

வெப்பநிலைப்பி மூன்று வேலைகளைச் செய்கிறது: உணர்தல், ஒப்பிடுதல், ஏவுதல். பழைய கருவிகளில் பித்தளை, எஃகு போன்ற இரு உலோகத் தகடுகள் ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்தில் அவை வெவ்வேறு அளவில் விரிவதால் இணைந்த தகடு வளைந்து மின்சுற்றை இணைக்கும் அல்லது துண்டிக்கும். இக்காலக் கருவிகளில் வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் உணரி உள்ளது. அவ்வுணரி தரும் அளவைக் கருவி, நாம் குறித்த அளவோடு ஒப்பிடுகிறது. வேறுபாடு கண்டால் இயந்திரத்தை ஏவுகிறது. அதன் விளைவை மீண்டும் உணர்கிறது. இச்சுழற்சியைப் பின்னூட்டம் என்பர்.

இக்கருவி இணையத்தோடு சேரும்போது ஏவலின் பாதை நீளுகிறது. நம் திறன்பேசியில் விரல் வைத்தவுடன் அக்கட்டளை பெரும்பாலும் நேரே இயந்திரத்திற்குச் செல்வதில்லை. எங்கோ உள்ள நிறுவனத்தின் சேவையகக் கணினிக்குச் சென்று, அங்கிருந்து வீட்டிலுள்ள திசைவிக்கு வந்து, பின்னரே கருவியை அடைகிறது. அடுத்த அறையிலிருந்து இட்ட கட்டளையும் கடல்கடந்து சென்று திரும்பக்கூடும். இதனை அறியாதவர்க்கு இடையில் ஓர் இழை அறுந்தால் என்ன நேரும் என்பதும் தெரியாது.

தெரியுமா?

1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரப்பதம் மாறியதால் தாள் விரிந்து சுருங்கியது. வண்ணங்கள் இடம் பிறழ்ந்து பதிந்தன. அதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே இக்காலக் குளிர்சாதனத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஒரு பிற்பகல்

எங்கள் தெருவின் அடுக்ககம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். அவருடைய மகள் இருப்பது டொராண்டோவில். தாய் வெயிலில் வாடக்கூடாது என்று மகள் இணையவழிக் குளிர்சாதனம் ஒன்றைப் பொருத்தினார். நண்பகலில் அது தானே இயங்கும். இரண்டு மணிக்கு நிற்கும். கால ஒழுங்கு முழுவதையும் மகள் அங்கிருந்தே தம் திறன்பேசியில் அமைத்திருந்தார். தாய்க்குத் தொல்லை வேண்டாம் என்று கையில் பிடித்து இயக்கும் ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அக்கினி நட்சத்திர நாள் ஒன்றில் தெருவில் பள்ளம் தோண்டியபோது இணையக் கம்பி அறுந்தது. இயங்கத் தொடங்கிய குளிர்சாதனத்திற்கு நிறுத்தும் கட்டளை வந்து சேரவில்லை. மூன்று மணிக்கு நான் சென்றபோது அம்மையார் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த மின்விசை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

“மகளிடம் சொல்லியிருக்கலாமே அம்மா?” என்றேன்.

“அங்கே இன்னும் விடியவில்லை டீச்சர். வேலைக்குப் போகிற பிள்ளை; எழுப்ப மனம் வரவில்லை” என்றார்.

விசையை அணைத்துச் சன்னலைத் திறந்தேன். கொண்டல் அதற்குள் கரையேறியிருந்தது. மூடிய சன்னலுக்கு வெளியே அது வீசிக்கொண்டிருந்ததை அறைக்குள் இருந்த எந்தக் கருவியும் அம்மையாருக்குச் சொல்லவில்லை.

மகளின் அன்பில் குறையில்லை. கருவியை இயக்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டவர், அதனை நிறுத்தும் வழியைத் தாயிடம் கொடுக்க மறந்தார். அடுத்த வாரம் மின்விசை தாழ்வாகப் பொருத்தப்பட்டது. ரிமோட் கட்டிலருகே வந்தது.

காக்கப்படவேண்டிய வாயில்

இணையம் அறுவது ஓர் இடர் என்றால், இணையத்தின் வழியே தாக்குதல் வருவது மற்றோர் இடர். 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ராந்தா நகரில் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டலைக் கட்டுப்படுத்திய கணினிகள், இணையவழி வந்து குவிந்த வீண் தரவுகளால் திணறின. அவை மீண்டும் மீண்டும் மறுதொடக்கமாயின, வெப்பமூட்டல் தடைப்பட்டது. குளிர்நாட்டில் இது வெறும் வசதிக்குறைவன்று. உயிர் குறித்த கவலையாகும்.

அதே ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் கண்காணிப்புக் கருவிகள், திசைவிகள் முதலியவற்றைப் பெருமளவில் கைப்பற்றியது. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமல் விட்டதே அதற்கு வாயிலாயிற்று. தெருக்கதவைப் பூட்டுபவர் இவ்வாயிலையும் பூட்டவேண்டும். வீட்டில் எந்நேரம் ஆள் இருப்பர், எந்நேரம் இல்லை என்பதைக் கால ஒழுங்கிலிருந்தே ஒருவர் ஊகிக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அளவறிந்து ஏவுதல்

ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகை செல்சியஸில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படவேண்டும் என்ற விதியை 2020 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. குறித்த வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அப்பணியகத்தின் கணிப்பு. ஆளில்லாத அறையைத் தொலைவிலிருந்தே அணைக்க முடிவது இணையக் கருவியின் உண்மையான பயன். வீடு திரும்புவதற்கு நெடுநேரம் முன்பே வெற்றறையைக் குளிர்விக்க அதனைப் பயன்படுத்தினால் அப்பயன் வீணாகும்.

கருவி குறித்த அளவைக் காக்கும். எது தக்க அளவு என்பதை அது அறியாது. இன்று யாருக்கு உடல்நலமில்லை, எப்போது கடற்காற்று வந்தது, எந்நேரம் சன்னலைத் திறந்தால் போதும் என்பவற்றை அறிபவர் அறையில் இருப்பவரே. ஆகவே, தொலைவிலிருந்து இயக்கும் கருவி எதுவாயினும், அருகிலிருப்பவர் எளிதில் நிறுத்தக்கூடியதாக அமையவேண்டும். காலதரைத் திறக்கும் உரிமை அதன் அருகில் இருப்பவருக்கே முதலில் உரியது.

கற்பவை கற்றபின்...

1. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியோர், அங்குள்ள மின்கருவிகளைத் தாமே நிறுத்த இயலுமா எனக் கண்டறிந்து, தேவையான மாற்றங்களைப் பட்டியலிடுக.

2. உம் ஊரில் கோடைக்காலத்தில் காற்று வீசும் திசையையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘அன்பும் கட்டுப்பாடும்’ என்னும் தலைப்பில், மேற்கண்ட மூதாட்டி தம் மகளுக்கு எழுதுவதாக ஒரு மடல் வரைக.