நூறு வோல்ட் எலெக்ட்ரான்

கேள்வி: 100 வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரானின் அலைநீளம் காண, 1240-ஐச் சக்தியால் வகுக்கிறேன், விடை தவறுகிறதே, ஏன்?

பதில்: எலெக்ட்ரான் வோல்ட்டில் கூறிய சக்தியால் 1240-ஐ வகுத்து நானோமீட்டரில் அலைநீளம் காணும் அச்சூத்திரம், நிறையற்ற ஒளித்துகளுக்கே உரியதாகையால், 400 நானோமீட்டர் ஊதா ஒளி சோடியத்தின்மீது விழுங்கால், அதன் சக்தி 3.1 எனக் கண்டு, உலோகம் பிடித்துக்கொள்ளும் 2.3-ஐக் கழித்து, எலெக்ட்ரானின் உச்ச இயக்கசக்தி 0.8 என்றெழுதினால் பிசகாது. (ஒளியின் செறிவையும் வினாவில் சொல்லி மயக்குவார்கள், இக்கணக்கில் அதற்கு வேலையே இல்லை.) நிறையுள்ள எலெக்ட்ரானுக்கோ, டி பிராக்லி 1924-இல் உரைத்தபடி, பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தல் வேண்டும், சுருக்கமாக, 1.227-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். தாங்கள் கண்ட 12.4 நானோமீட்டர் எங்கே, உண்மையான 0.123 எங்கே! எண்களைத் தொடுமுன், வினா ஒளியைப் பற்றியதா எலெக்ட்ரானைப் பற்றியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.