நூலகப் பதிவேடு கூறும் செய்தி

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்பே பெரட்டு நடைபெறும். தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர்ப் பதிவேட்டைத் திறந்து, வந்தவர் யார், வராதவர் யார் என்று குறித்துக்கொள்வார். பால்வெட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் கொண்டுவந்த பால் நிறுக்கப்படும். அந்த எடையும் பதிவேட்டில் ஏறும். கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தே அமையும். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அங்கிருந்து வளர்ந்த பெரிய தொழிலுக்குப் பின்னால் இத்தகைய கணக்கேடுகள் ஏராளம். ஆனால், தோட்டத்துப் பிள்ளைகள் எந்த நூலைப் படித்தார்கள், எந்த நூல் கிடைக்காமல் ஏங்கினார்கள் என்று கணக்கு வைத்தவர் அரிது.

அன்று நூல்களும் குறைவாகவே இருந்தன. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அத்தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. அதன் பயனாகப் பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற நாளிதழ்கள் எழுத்தறிந்தவர்களின் கைகளுக்கு வந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்து அமர்ந்து கேட்கும் வழக்கமும் இருந்தது. வாசிக்கும் ஆர்வம் இருந்தது. அந்த ஆர்வத்தை அறிந்து அடுத்த நூலைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல ஈப்போவிலும் அதனைச் சுற்றியுள்ள சிறு நகரங்களிலும் குடியேறின. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கு ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் சேர்கின்றனர். அங்கே அவர்களுக்கு விசாலமான நூலகம் ஒன்று காத்திருக்கிறது. அதில் மலாய் நூல்களும் ஆங்கில நூல்களும் நிறைந்திருக்கும். தமிழ் நூல்களைத் தேடுபவர் பெரும்பாலும் சில தட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். டூயி தசமப் பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. அந்த எண் ஒட்டப்பட்ட நூல்களின் வரிசை வளர்வதும் தேய்வதும் எதைப் பொறுத்தது?

அவ்வரிசை பெருமளவில் மாணவர்களின் பயன்பாட்டைப் பொறுத்தே அமைகிறது. பள்ளி நூலகத்துக்கு நூல் வாங்கக் கிடைக்கும் பணம் அளவானது. எந்த நூல் அடிக்கடி வெளியே போகிறது, எது ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கிறது என்பதை நூலக ஆசிரியர் பார்க்கிறார். அதன்படி புதிய நூல்களைத் தெரிவு செய்வது நூலகப் பணியின் பொதுவான நடைமுறை. தமிழ் நூல்களை யாரும் இரவல் பெறவில்லை என்று பதிவேடு கூறினால், “தமிழ் நூல் இன்னும் வேண்டும்” என்று கேட்பதற்குச் சான்று இல்லாமல் போகும். மாறாக, மாதந்தோறும் பல மாணவர்கள் அத்தட்டை நாடுகின்றனர் என்று பதிவேடு காட்டினால், ஆசிரியரின் கோரிக்கைக்கு வலிமை பிறக்கும்.

இதற்கு ஒப்பான ஏற்பாடு ஒன்று மலேசியக் கல்விச் சட்டத்திலும் உண்டு. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசியப் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் உள்ள விதி. கேட்பவர்களின் எண்ணிக்கை தெரிந்தால்தான் வகுப்பு அமையும். நூலகத் தட்டுக்கும் இது பொருந்தும். மனத்துக்குள் இருக்கும் ஆர்வம் பதிவேட்டில் ஏறும்போதுதான் பிறர் கண்ணுக்குப் புலப்படுகிறது.

நூலகப் பயன்பாட்டை ஓர் அறிவியலாகவே வளர்த்தவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டின் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன், முதலில் கணித விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் 1931இல் வெளிவந்தது. நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவ்விதிகளின் அடிப்படை. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ள பொருளைப்போல வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றை ஏற்படுத்தினார். கிராம மக்கள் நூலகத்தைத் தேடி வர இயலாதபோது, நூலகம் அவர்களைத் தேடிச் சென்றது. வாசகர் வரவில்லை என்றால் அவரைக் குறை கூறுவதற்கு முன், அவர் ஏன் வர முடியவில்லை என்று ஆராய வேண்டும் என்பதை அந்த மாட்டுவண்டி உணர்த்துகிறது.

இந்தக் கண்ணோட்டத்தோடு பள்ளி நூலகப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். முன்பு ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் ஒரு சிறு உறை ஒட்டப்பட்டிருக்கும். அதில் நூலின் பெயர் எழுதிய அட்டை செருகப்பட்டிருக்கும். இரவல் பெறுபவரின் பெயரை அதில் எழுதி, திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரையிடுவார்கள். இப்போது பல பள்ளிகளில் பட்டைக் குறியீட்டைக் கணினி படித்துவிடுகிறது. கருவி மாறினாலும், எந்த நூல், எந்த நாளில், எந்த வகுப்பு மாணவரிடம் சென்றது என்ற விவரம் மாறவில்லை. நூலகத்துக்கு வந்துசெல்வோரின் வருகைப் பதிவும் இதனோடு சேர்ந்தால் படம் இன்னும் தெளிவாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் இரண்டாம் படிவ மாணவர்கள் முப்பது பேரின் பதிவை ஒரு தவணை முழுவதும் பார்ப்பதாகக் கொள்வோம். அவர்களுள் பத்துப் பேர் ஒரு நூலையும் இரவல் பெறவில்லை. முதல் பார்வையில் அவர்கள் வாசிப்பில் நாட்டமில்லாதவர்கள் என்றே தோன்றும். ஆனால், அவர்களுள் எட்டுப் பேர் தொலைவில் உள்ள பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து பேருந்தில் வருபவர்கள் என்பது தெரியவந்தால் என்ன செய்வது? பள்ளி முடிந்ததும் பேருந்து புறப்பட்டுவிடும். ஓய்வு நேரத்திலோ உணவு உண்ணவே நேரம் போதாது. ஆகவே, குறை மாணவர்களிடம் இல்லை. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. காலையில் பேருந்து வந்துசேர்ந்தபின், சபைகூடலுக்கு முன் பதினைந்து நிமிடம் நூலகத்தைத் திறந்துவைத்தால் நிலைமை மாறலாம். வகுப்பறைக்கே ஒரு பெட்டி நூல்களைக் கொண்டுசெல்வது மற்றொரு வழி. அது மன்னார்குடி மாட்டுவண்டியின் வழி.

மலேசியப் பள்ளிகளில் வாசிப்பைப் பதிவு செய்யும் வழக்கத்தைப் பரவலாக்கியது நீலாம் திட்டம். கல்வி அமைச்சு 1998ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தியது. ‘நாடி இல்மு அமாலான் மெம்பாச்சா’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கமே இப்பெயர். வாசிப்புப் பழக்கமே அறிவின் நாடித் துடிப்பு என்பது அதன் கருத்து. ‘நீலாம்’ என்ற மலாய்ச் சொல் நீலக்கல்லையும் குறிக்கும்; தமிழர் அறிந்த ‘நீலம்’ என்ற சொல்லோடு அது உறவுடையது. இத்திட்டத்தின் ஒரு நிலைக்கு ‘ஜவ்ஹாரி’ என்று பெயர். மாணிக்கத்தின் தரத்தை அறிந்த வணிகரையே அச்சொல் சுட்டும். மற்றொரு நிலை ‘வாசிப்புத் தோழர்’ என்னும் பொருளுடையது. முதல் நிலையில் மாணவர் தாம் படித்ததைப் பதிவு செய்கிறார்; அடுத்த நிலையில் பிறரையும் படிக்கத் தூண்டுகிறார். முன்பு குறிப்பேட்டில் எழுதப்பட்ட பதிவுகளை இப்போது மாணவர்கள் இணையத்தின் வழியாகவும் செய்கின்றனர்.

இப்பெயர்கள் தரும் குறிப்பைக் கவனிக்க வேண்டும். மாணிக்கம் விற்பவர் கற்களை எண்ணுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றின் தரத்தையும் ஆராய்கிறார். வாசிப்புப் பதிவும் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கினால் கேடு விளையும். பரிசு எண்ணிக்கைக்கு மட்டுமே என்றால், மெல்லிய நூல்களைப் புரட்டிக் கணக்கைக் கூட்டும் ஆசை எழும். நண்பரின் குறிப்பைப் பார்த்து எழுதும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் ஐந்து பாகங்கள் கொண்ட ‘பொன்னியின் செல்வ’னைப் பொறுமையாகப் படித்து முடித்த மாணவி, நாற்பது சிறு நூல்களைப் பதிவு செய்தவருக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். அந்தத் தரவரிசை உண்மையைக் காட்டாது.

ஆகவே, கொண்டாடும் முறையும் சிந்தனைக்கு உரியது. அதிக நூல்களைப் படித்தவரைப் பாராட்டுவது சரியே. அவரோடு, தம் வாழ்வில் முதன்முறையாக நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்துச் சென்று முழுமையாகப் படித்தவரையும் பாராட்டலாம். ஒரு வாரமும் தவறாமல் வந்தவரைப் பாராட்டலாம். பல ஆண்டுகளாக யாரும் தொடாத நூலைக் கண்டெடுத்து, அதன் சிறப்பைச் சபைகூடலில் எடுத்துரைத்தவருக்கும் ஒரு பரிசு தரலாம். அந்த நூலை அடுத்த வாரம் மேலும் நால்வர் கேட்டு வந்தால், அரங்கநாதன் விரும்பியபடி அந்நூல் தன் வாசகர்களைச் சென்றடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பேராக் மாணவர்களுக்கு அவ்வாறு காத்திருக்கும் நூல்கள் உண்டு. மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வைப் பேசும் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ அவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் துயரத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ சித்திரிக்கிறது. இத்தகைய நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவர், தம் தாத்தா பாட்டியிடம் கேட்பதற்குப் புதிய கேள்விகளோடு செல்கிறார். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பல செய்திகள் அக்கேள்விகளால் வெளிவரக்கூடும்.

பதிவு வைப்பவர்களுக்கு ஒரு கடமையும் இருக்கிறது. ஒரு மாணவர் எந்த நூலைப் படிக்கிறார் என்பது அவருடைய தனிப்பட்ட செய்தி. நோயைப் பற்றியோ குடும்பச் சிக்கலைப் பற்றியோ அவர் படிக்க விரும்பலாம். அதனைப் பிறர் அறியும்படி அறிவிப்புப் பலகையில் எழுதுவது முறையன்று. வகுப்பின் மொத்தக் கணக்கை வெளியிடலாம். தனிப்பட்டவரின் பதிவை அவரது இசைவின்றி வெளியிடக் கூடாது. ஒரு நூலும் எடுக்காதவர்களின் பெயர்ப்பட்டியலைத் தொங்கவிடுவதும் பயன் தராது. வெட்கப்பட்டவர் நூலகத்தின் பக்கம் திரும்புவது கடினம். பெரட்டுப் பதிவேடு வராதவரின் கூலியைக் குறைப்பதற்கு உதவியது. நூலகப் பதிவேடு வராதவரை அழைத்துவருவதற்கு உதவ வேண்டும்.

பள்ளி நூலகத்தில் தொடங்கும் பழக்கம் பள்ளியோடு முடிந்துவிடக் கூடாது. ஈப்போ மாநகர் மன்றத்தின் துன் ரசாக் நூலகம் பொதுமக்களுக்காகச் செயல்படுகிறது. தவணை விடுமுறையில் மாணவர்கள் அங்கும் செல்லலாம். கோலாலம்பூர் 2020ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது நாட்டுக்குக் கிடைத்த பெருமை. அந்தப் பெருமை நிலைப்பதற்கு, சிறு நகரத்துப் பள்ளி நூலகத்திலும் நூல்கள் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மாணவர் தமிழ் நூல் ஒன்றை இரவல் பெறும்போது பதிவேட்டில் ஒரு வரி கூடுகிறது. அந்த வரி அவருக்கு அடுத்து படிக்கத் தகுந்த நூலை ஆசிரியருக்கு நினைவூட்டும். அடுத்த ஆண்டு எந்தத் தமிழ் நூல்களை வாங்கலாம் என்பதற்கு வழிகாட்டும். அவருக்குப் பின் முதலாம் படிவத்தில் சேரும் தம்பி தங்கையருக்காக 894.811 எண்ணுள்ள தட்டில் சில புதிய நூல்கள் இடம்பெறும். நூலை எடுத்தவர், படித்து முடித்து உரிய நாளில் திருப்பித் தந்துவிட்டால் போதும். அடுத்தவர் அதற்காகக் காத்திருக்கிறார்.